ஏறுவது எளிது, இறங்குவதுதான்...

கேள்வி: படை விமானம் ஓட்டியவர் ஊருக்கு உழைப்பார் என்று நம்பலாமா? (வாசகர், முரசுமோட்டை)

பதில்: விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய ஊர் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் குற்றம் இறக்கையில் இல்லை; அது யாருக்காக விரிகிறது என்பதில் இருக்கிறது. ஒடிசாவின் பிஜு பட்நாயக் வெள்ளைக்காரரின் விமானப்படையில் இருந்துகொண்டே விடுதலைப் போராட்டத்துக்கு உதவிச் சிறை போனார். 1947இல் டச்சுக்காரரின் கண்ணில் மண்ணைத் தூவி இந்தோனேசியத் தலைவர் ஷாரிரை விமானத்தில் ஏற்றி வந்தார். 'அது சாகசம், சேவையா?' என்பீர்கள். 1990களில் முதலமைச்சராக இருந்து பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கினாரே, அது சேவை. அவர் பிறந்த மார்ச் 5ஐ ஒடிசா பல்லாண்டுகள் பஞ்சாயத்து நாளாகவே கொண்டாடியது. விமானிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். இவர் ஊர் மன்றத்து வாசலிலேயே இறங்கிவிட்டார்!