கட்டைவிரலும் மணிக்கட்டும்: மதுரைச் சமவெளியில் கவுன்டர்-ஸ்ட்ரைக் பதிப்புகள் குறித்த ஓர் ஒப்பாய்வு

மதுரை இளைஞர் வழக்கில் 'சி.எஸ்.' எனச் சுருங்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக், சுடுபவரின் கண்வழியே களத்தைக் காட்டும் துப்பாக்கி விளையாட்டுகளுள் செவ்வியல் தகுதி பெற்றது. மின் லே, ஜெஸ் கிளிஃப் ஆகிய இருவர் ஹாஃப்-லைஃப் விளையாட்டின்மேல் ஒட்டாகக் கட்டி 1999-இல் வெளியிட்ட இது, 2000-இல் வால்வ் நிறுவனத்தின் சரக்காகக் கடைக்கு வந்து, 2003-இல் எக்ஸ்பாக்ஸ் என்னும் கன்சோலுக்கும், அதாவது தொலைக்காட்சியோடு பூட்டி ஆடும் பெட்டிக்கும், பெயர்க்கப்பட்டது. எனினும் இந்தியச் சந்தைக்கு 2006-இல் முறைப்படி வந்தது அடுத்த தலைமுறையான எக்ஸ்பாக்ஸ் 360 ஆதலின், முதல் கன்சோல் பதிப்புக்கு மதுரையில் கிடைக்கும் சான்றுகள் களப்பிரர் காலச் சான்றுகளினும் அரிதாகவே உள்ளன.

கணினிப் பதிப்புக்கோ பிரவுசிங் சென்டர்தோறும் சான்றுண்டு. அதன் உயிர்நாடி மணிக்கட்டு. பழைய மவுஸின் வயிற்றில் உருளும் ரப்பர் பந்து, மேசைப் புழுதியை உள்ளிழுத்துச் சிற்றுருளைகளில் கறுப்பு வளையமாகப் படியவிடுவதால், குறி நடுவழியில் சிக்கி எதிரியின் தலைக்குப் பதில் சுவரைத் துளைக்கும். உடனே ஆட்டக்காரர் மவுஸைக் கவிழ்த்து, மூடியைத் திருகி, பந்தை மடியிலிட்டு, அவ்வளையத்தை நகத்தால் சுரண்டி எடுப்பார். இச்சடங்கு முடிவதற்குள் அவர் சுடப்பட்டிருப்பார். அச்சுற்று முடியும்வரை மறுபிறவி இல்லை என்பது இவ்விளையாட்டின் சமயக் கோட்பாடு.

கன்சோல் மரபு கட்டைவிரலைச் சார்ந்தது. சிறு குச்சியை நெம்பிக் குறிபார்ப்பது கடினமாதலால், எதிரியருகே குறி வந்ததும் இயந்திரமே சற்றுக் கைகொடுக்கும் குறியுதவி என்னும் ஏற்பாடு அதில் உண்டு. மணிக்கட்டுக் கட்சியார் இதனை 'ஓசிக் கொலை' என இகழ்வர். 2012 ஆகஸ்டில் வந்த குளோபல் அஃபென்சிவ் பதிப்பில் பிளேஸ்டேஷன் 3 ஆட்டக்காரரையும் கணினி ஆட்டக்காரரையும் ஒரே களத்தில் மோதவிடும் திட்டம் முன்னரே கைவிடப்பட்டது. கணினிப் பதிப்பை அடிக்கடி திருத்த வேண்டியிருப்பதே காரணம் என நிறுவனம் கூறியது. கட்டைவிரலின் மானம் காக்கப்பட்டது என்பது மதுரை உரைகாரர் துணிபு.

உரைகாரர் எவரும் தொடாத வேறுபாடு ஒன்றுண்டு. அதே 2012-இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நாள்தோறும் பல மணி நேரம் நீடித்தது. கரண்ட் போன கணமே கன்சோல் தொலைக்காட்சியோடு உடன்கட்டை ஏறிவிட, கணினியோ யூபிஎஸ் என்னும் மின்கலப் பெட்டியின் தயவில் இன்னும் சில நிமிடம் மூச்சுவிட்டது. ஆயின் யூபிஎஸ்ஸும் 'பீப்' என்று கூவும், களத்தில் வைத்த வெடிகுண்டும் 'பீப்' என்று கூவும். முடிவு நெருங்க இரண்டும் விரைவுபடும். குண்டைச் செயலிழக்கச் செய்ய 10 வினாடி தேவை, அதற்குரிய கருவியை முன்பே வாங்கியிருந்தால் 5 வினாடி போதும். யூபிஎஸ்ஸுக்கு அத்தகைய கருவியை எந்தப் பதிப்பும் விற்கவில்லை.