காலையில் ஆராதனை, மாலையில் பேரணி

2009 ஜூன் கடைசி ஞாயிறு. சென்னையின் முதல் வானவில் பேரணி மெரினாவில் நடந்துகொண்டிருந்தது. அது என்ன பேரணி என்று எனக்குத் தெரியாது. சபையின் வாலிபர் ஐக்கியத்தோடு கைப்பிரதி கொடுக்கப் போயிருந்தேன். சுண்டல்காரர் வாங்கிய கையோடு அதில் பொட்டலம் மடித்தார். மீதியைப் பேரணிக்குக் கொடுத்தோம். முகமூடி போட்டிருந்த ஒருவர் இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க்ஸ்ண்ணா" என்றார். அன்று மாலை எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

ஜூலை 2ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், வயதுவந்த தன்பாலினத்தவர்கள் தனிமையில் சம்மதித்துச் சேர்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் குற்றமாக வராது என்றது. அடுத்த ஞாயிறு எங்களுக்குச் சோதோம் கொமோரா பிரசங்கம். மேல்முறையீட்டுக்குப் போனவர்களில் ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிச்சட்ட வாரியம், கிறிஸ்தவ அமைப்புகள் எல்லாரும் உண்டு. ஒரே பந்தியில் உட்காராதவர்கள் ஒரே வழக்கில் உட்கார்ந்தார்கள். 2013 டிசம்பரில் ஜெயித்தும் விட்டார்கள். மத நல்லிணக்க விருது எதையும் இவர்களுக்கு யாரும் கொடுக்காதது அநியாயம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்த வெற்றியையும் முடித்துவைத்தார்கள்.

இப்போது அதே வானவில் பேரணிக்காக நான் எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் போய் நிற்கிறேன். முகமூடிகள் குறைந்துவிட்டன. பட்டுச்சேலையும் கண்மையுமாகப் பிள்ளைகள்; சிலரோடு அம்மா, அப்பா. வெயில் தாழ்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவன் நான்தான். சபைக் கமிட்டி ஆள் யாராவது பஸ்ஸில் போனால்? சிலுவைச் சங்கிலியும் சட்டைக்குள். வெளியே தெரிந்தால் திட்ட வந்தவன் என்று நினைப்பார்கள். நினைக்க நியாயமும் இருக்கிறது. 'விடுதலை ஜெபம்' என்று தன்னை 40 நாள் உபவாசம் இருக்கவைத்த கதையை ஒரு தம்பி பறைச் சத்தத்துக்கு நடுவே சிரித்துக்கொண்டே சொன்னான். இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் மாற்றப் பார்ப்பதை 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடைசெய்தார். அதற்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். எங்கள் சபை ஐயர்மாரில் அப்படிக் கிளம்பிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நடப்பது மட்டும் பழகிய வேலை. குருத்தோலை ஞாயிறு பவனியிலும் போலீஸ் இப்படித்தான் ஓரங்கட்டும். வண்டிக்காரர்கள் இப்படித்தான் முறைப்பார்கள். முன்வரிசை பாடுவது பின்வரிசைக்கு எட்டவே எட்டாது.

மாலை ஜெபக்கூட்டத்துக்கு வராததைச் சபைச் செயலாளர் விடவில்லை.

"எங்க தம்பி, ஆளையே காணோம்?"

"எழும்பூர்ல ஒரு பவனிண்ணே."

"கூட்டமா?"

"நம்ம குருத்தோலை ஞாயிறவிட ஜாஸ்தி."

"ஸ்தோத்திரம்! காணிக்கை எடுத்தாங்களா?"

"உண்டியல் வந்துச்சு. போட்டேன்."

"நல்லது. அடுத்த வருஷம் நம்ம சபையையும் கூப்பிடச் சொல்லு."