தலைக்கனமும் 'சரி' சொல்லும் கழுத்தும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

கனம் இருவகைப்படும்: தராசில் ஏறுவது, ஏறாதது. ஒருவருக்குத் தலைக்கனம் என்று ஊர் சொல்வது இரண்டாவதை. அதை நிறுக்கும் படிக்கல் இன்னும் வரவில்லை. ஆகவே இக்கட்டுரை முதல் வகையோடு நின்றுகொள்கிறது: குடம், கூடை, விறகுக்கட்டு, ஹெல்மெட், குளித்துவிட்டு வந்து தலையில் சுற்றிய ஈரத்துண்டு.

எதையும் ஏற்றாமலே தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைச் சுமப்பது 7 எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான் என்பதால் இதில் நாம் மனத்தாங்கல் கொள்ள ஒன்றுமில்லை. மேலே இருக்கும் முதல் எலும்புக்கு, கிரேக்கப் புராணத்தில் வானத்தைச் சுமந்தவனின் பெயரான அட்லஸ் என்பதைச் சூட்டியிருக்கிறார்கள். நம்மைக் கேட்டிருந்தால் ஆதிசேஷன் என்றிருப்போம். மண்டையோடு அட்லஸின்மேல் உட்காரும் மூட்டில் தலை மேலும் கீழும் ஆடுகிறது. அது 'ஆமாம்' மூட்டு. அட்லஸும் அதற்கு அடுத்த எலும்பும் சேருமிடத்தில் தலை இடவலமாகத் திரும்புகிறது; அது 'இல்லை' மூட்டு. உடற்கூறு வகுப்பில் இப்படியே சொல்லிக்கொடுப்பதுண்டு.

நமக்கு இந்த இரண்டும் போதாது. காது தோளிடம் ஏதோ ரகசியம் கேட்கப் போவதுபோல் தலை ஒரு பக்கம் சாய்ந்து, மீண்டு, மறுபக்கம் சாயும் மூன்றாவது அசைவு ஒன்று நம்மிடம் இருக்கிறது. இதன் பொருள்: சரி, புரிந்தது, பார்க்கலாம், பணம் நாளைக்கு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், முதலில் கிளம்புங்கள். இத்தனை பொருள் தாங்கும் அசைவுக்கென்று தனி மூட்டு கிடையாது. கழுத்தின் கீழ் எலும்புகள் ஆளுக்குக் கொஞ்சம் வளைந்து கூட்டாக ஒப்பேற்றுகின்றன. கூட்டுப் பொறுப்பில் நடப்பதால்தான் பொருளும் தெளிவில்லாமல் போகிறது என்பது என் துணிபு.

சுமை ஏறினால் இம்மூன்றில் எது முதலில் போகும்? ஆய்வுக்கு உட்பட்டவர் நானே. 'ஆரோக்கியமான, வயதுவந்த நபர்' என்ற தகுதியில் முதல் பாதியை என் மனைவி ஒப்பவில்லை. இரண்டாம் பாதியை அம்மா ஒப்பவில்லை. கருவி: 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம். நிரப்பினால் மூன்று தலை எடை. அடியில் பழைய வேட்டியைச் சுருட்டிய சும்மாடு. இந்தச் சொல்லை நான் 'சும்மா ஆடாதே' என்று பிரிப்பேன். புலவர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

குடம் ஏறியதும் கழுத்து பதவி விலகிவிட்டது. பக்கத்தில் பார்க்க முழு உடம்பும் திரும்ப வேண்டியிருந்தது. காரணம் எளிது. எடை கூடினால் தலையை அசைக்கத் தொடங்குவதும் கடினம், தொடங்கியதை நிறுத்துவது அதைவிடக் கடினம். காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் சேதி அனுப்ப, மூளை 5 கிலோவுக்குப் பழகிய கைக்கணக்கில் கட்டளை போடுகிறது. வந்திருப்பதோ 20 கிலோ. எதற்கும் இருக்கட்டும் என்று கழுத்தின் முன்தசை, பின்தசை இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்துக் கம்பமாக்கிவிடுகிறது.

கூடத்தில் நான் இப்படிக் கம்பமாக நின்றபோது மனைவி கேட்டார்: "ஏங்க, சாயங்காலம் எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துரலாம்ல?" 22 வருடப் பயிற்சி. மூன்றாவது அசைவு தானாகவே புறப்பட்டுவிட்டது. குடம் எந்தப் பக்கம் போயிற்று, தரையைத் துடைத்தது யார் என்பவை ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

அரைக்குடத்தோடு மறுபடி முயன்றதில் முடிவு தெளிவானது. பக்கவாட்டுச் சாய்வு முதலில் போகிறது. 'ஆமாம்' சொன்னால் தண்ணீர் சொந்த மார்பில் இறங்குகிறது. திரும்புவது மட்டும், மெதுவாக, மிஞ்சுகிறது. சுமை அந்த அச்சின்மேலேயே உட்கார்ந்திருப்பதால். ஆக, தலையில் சுமை உள்ளவரால் 'இல்லை' என்று மட்டுமே தலையசைக்க முடியும். தராசில் ஏறாத கனத்துக்கும் இதே அறிகுறி உண்டென்று அலுவலகம் போய்வருபவர்கள் சொல்கிறார்கள்.

சுமை பக்கவாட்டில் இருந்தால் கதை மாறும். கொலுப்படியில் இருக்கும் இராவணனைப் பாருங்கள். நடுத்தலை போக மிச்சம் ஒன்பது. பங்கு வைத்தால் ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் அஞ்சு. நிற்கும்போதே 5 கிலோ சரிவு. அதோடு, திருப்புவதற்கான எதிர்ப்பு தூரத்தின் வர்க்கமாகப் பெருகும்: முதல் தலைக்கு ஒன்று என்றால் இரண்டாவதற்கு நாலு, ஐந்தாவதற்கு இருபத்தைந்து. ஒரே கழுத்துதான் எல்லாவற்றையும் திருப்பியது என்று வைத்துக்கொண்டால், வீடணன் சொன்ன புத்திமதியைத் தலையாட்டி மறுக்க அவனால் ஆகியிருக்காது. வாயால்தான் மறுத்திருக்க வேண்டும்.

ஹெல்மெட் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. வாரால் கட்டியிருப்பதால் விழாது. ஆனால் போட்டவர் 'சரி' என்றால் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சரி என்று ஆகிவிடும். கரகாட்டக்காரர்கள் விதிவிலக்கு. அவர்களிடம் கழுத்துக்குக் கீழே அத்தனையும் ஆடும், தலை மட்டும் வேடிக்கை பார்க்கும்.

முன்னோர் ஆய்வைக் குறிப்பிடாமல் விடக்கூடாது. கென்யாவில் தலைமேல் சுமக்கும் லுவோ பெண்களும், நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டுச் சுமக்கும் கிகூயூ பெண்களும், தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி செலவில்லாமல் சுமந்து நடப்பதாக 1986இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. மூச்சை அளந்தார்கள், மெச்சத்தக்கது. வழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தப் பெண்கள் எப்படிச் 'சரி' சொன்னார்கள் என்பதை அளந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் தெருக் கீரைக்காரம்மாவைக் கறார் என்பார்கள். வாசலில் நின்றபடி எவ்வளவு கெஞ்சினாலும், கூடைக்கு அடியில் தலை மெல்ல இடமும் வலமும் திரும்பும். குற்றம் அவர்மேல் இல்லை, இரண்டாவது மூட்டின்மேல். ஆகவே விலை பேசுமுன் கூடையை இறக்க ஒரு கை கொடுங்கள். கட்டுக்கு ஒரு ரூபாய் குறையும் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. தலையாவது பக்கவாட்டில் ஆடும்.