மீசை வைத்த நாற்காலி

மார்ச் 8, மகளிர் தினம் வந்துவிட்டால் நம் ஆய்வு நிறுவனங்களுக்குப் பெண்கள் மீது பாசம் பீறிடும். ஆளுக்கொரு ரோஜா, மதியம் கோலப்போட்டி, நடுவே ஒரு சிறப்புரை: ‘வீட்டையும் ஆய்வகத்தையும் ஒருசேரச் சமாளிப்பது எப்படி?’ ஆண் விஞ்ஞானிகளை இதற்கு யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு வீடே கிடையாது போலிருக்கிறது. சோதனைக் குழாயிலிருந்து நேராக இறங்கி வந்தவர்கள்.

1933இல் கமலா சோஹோனி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் வாங்கிய கையோடு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பெண்ணுக்கு இடமில்லை என்றார் இயக்குநர் சர் சி.வி. ராமன். ஒளி சிதறுவதை ஆராய்ந்து நோபல் வாங்கிய நம் திருச்சிக்காரருக்கு, ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்களின் கவனம் சிதறிவிடும் என்று கவலை! கமலா விடவில்லை. கடைசியில் ஓராண்டுக்குச் சோதனை முறையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாதென்று நிபந்தனை வேறு. ஒரு புடவையைப் பார்த்ததும் கலைகிற கவனம் என்றால், சோதனையில் வைக்க வேண்டியது யாரை? 1939இல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். அந்தச் சோதனை ஆண்டுக்குப் பிறகு ராமனும் பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று யாரும் அப்படி முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. அக்கறையாகக் கேட்கிறார்கள். “கல்யாணம் எப்போம்மா?” “குழந்தை சின்னது, ஃபீல்டு ஒர்க் எதுக்கும்மா?” பதவி உயர்வுக் கூட்டத்தில் அதே வாய் சொல்லும்: “அந்த மேடம் ஃபீல்டுக்கே போனதில்லையே சார்.” மினிட்ஸ் எழுத மேடம், வந்தவருக்குப் பூங்கொத்து நீட்ட மேடம். தலைமை தாங்க மட்டும் சார்.

அறிவியலுக்கான பட்நாகர் பரிசு முதலில் வழங்கப்பட்டது 1958இல். இயற்பியலில் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்க 2018 ஆயிற்று. 1942இல் உருவான அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆருக்கு 2022இல்தான் முதல் பெண் தலைமை இயக்குநர், நம் அம்பாசமுத்திரத்துக் கலைச்செல்வி. 1969இல் பிறந்த இஸ்ரோவின் தலைவர் நாற்காலியில் இன்னும் ஒரு பெண்கூட உட்காரவில்லை. ஆனால் 2014இல் மங்கள்யான் செவ்வாயை எட்டியதும் உலகமெல்லாம் சுற்றிய படம் புடவை கட்டிய பெண்களுடையது. போட்டோவுக்குப் புடவை வேண்டும், பதவிக்கு மீசை வேண்டும்!

இயக்குநர் ஐயாமாரே, பெண் விஞ்ஞானிகளின் எந்தப் பதவி உயர்வுக் கோப்பு எத்தனை ஆண்டாகக் கிடக்கிறது, நிறுத்திய குழு என்ன காரணம் எழுதியது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெண்களின் பெயர் வேண்டாம், அவர்களுக்குச் சங்கடம். குழுவில் இருந்தவர்களின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.