ரெக்கார்டு நோட்டு இலக்கணம்

மாணாக்கரை வகைப்படுத்தும் வேலையைப் பவணந்தி முனிவர் நன்னூலிலேயே முடித்துவைத்துவிட்டார். அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் தரம். மண்ணும் கிளியும் போன்றவர்கள் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர்கள் கடைத் தரம். பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு மதியச் சாப்பாடு முடிந்த பீரியடை எடுத்துப் பார்த்த எவரும் இந்தப் பட்டியலில் கைவைக்க மாட்டார்கள். முனிவர் விட்டுப்போனது ஒன்றுதான்: அவர் காலத்தில் ரெக்கார்டு நோட்டு கிடையாது. அந்தக் குறையை நீக்க அடியேன் துணிந்தேன். தகுதி என்னவென்றால், பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டில் பாடம் நடத்துகிறேன். செமஸ்டர் தோறும் எக்ஸ்டர்னலாகப் போய் அடுத்த கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டிலும் கையெழுத்துப் போட்டுவருகிறேன்.

இந்நூல் என் நுதலிற்றோ எனின், கணினிப் பயன்பாட்டியல் கற்பார் கைவலிக்க எழுதும் ரெக்கார்டு நோட்டின் உறுப்பும் வகையும் வழுவும் உணர்த்துதல் நுதலிற்று. ‘கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் ப்ரோக்ராமைப் பேனாவால் எழுதுவானேன்?’ என்பார்க்கு விடை: அது பாடத்திட்டக் குழுவைக் கேட்க வேண்டிய கேள்வி. இருப்பதற்கு இலக்கணம் சொல்வதோடு என் வேலை முடிந்தது.

முதலில் உறுப்பு. நீள நோட்டு, ப்ரௌன் ஷீட் அட்டை, மேலே லேபிள். உள்ளே போனஃபைட் பக்கம். அதில் பாட ஆசிரியர், ஹெச்.ஓ.டி., இன்டர்னல், எக்ஸ்டர்னல் என்று நால்வர் கையெழுத்துக்கு இடம். அடுத்து இன்டெக்ஸ். அதன்பின் வலப்பக்கம் கோடு போட்டது: நோக்கம், அல்காரிதம், ப்ரோக்ராம், ரிசல்ட். இடப்பக்கம் கோடில்லாதது; அங்கே பென்சிலால் அவுட்புட். ரிசல்ட் என்ற தலைப்பின் கீழ் வருவது எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம்: மேற்கண்ட ப்ரோக்ராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு, அவுட்புட் சரிபார்க்கப்பட்டது. செயப்பாட்டு வினையின் அருமை இங்கேதான் தெரியும். இயக்கியவர் யார், சரிபார்த்தவர் யார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அன்றைக்குக் கரண்ட் இல்லாமலிருந்தாலும் வாக்கியம் நிற்கும்.

இனி வகை. நூல் மூவகை என்பது பழைய கொள்கை: முதல் நூல், வழி நூல், சார்பு நூல். ரெக்கார்டுக்கும் அப்படியே பொருந்துவது கண்டு எனக்கே வியப்பு.

முதல் நூலாவது ‘அக்கா ரெக்கார்டு’. எல்லா டிபார்ட்மென்டிலும் சீனியர் அக்கா ஒருவர் இருப்பார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு பக்கத்திலும் சிவப்பு மை இராது. அவருடைய நோட்டு அவர் படித்து முடித்துப் போன பின்னும் ஹாஸ்டலில் தங்கிவிடும். முன்பெல்லாம் பின்னைக் கழற்றி, தாள் தாளாகப் பிரித்து, ஒரே ராத்திரியில் ஐந்து பேர் எழுதுவார்கள். இப்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த அக்கா எதைப் பார்த்து எழுதினார்? அவருக்கு முந்தைய அக்காவைப் பார்த்து. இப்படியே பின்னோக்கிப் போனால் முதல் நூலுக்கு ஆசிரியர் இறைவனே என்ற முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. நன்னூலாரும் ஏறக்குறைய அதையே சொல்கிறார்.

வழி நூல் தொகையில் மிகப் பெரியது. வகுப்பில் 60 பேர் என்றால் 55 நோட்டு இதில் அடங்கும். அதற்குள்ளும் பிரிவு உண்டு. ஏ, பி என்று இருந்ததை எக்ஸ், ஒய் என்று மாற்றித் தமதாக்கிக் கொள்வோர் ஒரு சாரார். தங்கையிடமோ பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பிள்ளையிடமோ கொடுத்து எழுதி வாங்குவோர் இன்னொரு சாரார். இதற்குக் கூலி ஒரு செட் பரோட்டா. மூன்றாவது ஈயடிச்சான். இந்த வகையைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. மாணவர் மதிப்பெண் பட்டியல் போடும் ப்ரோக்ராமின் அவுட்புட்டில் சீனியருடைய பெயரையும் ரிஜிஸ்டர் நம்பரையும் அப்படியே எழுதி, அவர் எடுத்த மார்க்கோடு கொண்டுபோய் நீட்டியவன் நான். சார் பார்த்தார். ‘என்னப்பா, போன வருஷமே பாஸாகிட்டியா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வழி நூல்களை ஆராய்வதற்குச் சுவடிப் பதிப்பு முறையே ஏற்றது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடும் முன் ஊர் ஊராகப் பிரதி தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதம் பார்த்தார். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தி ஓலை கிழிந்துவிடும். எனவே அங்கே இல்லாத புள்ளியைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நமக்கு நேர்மாறு: இருக்கக் கூடாத புள்ளி.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைக் கண்ணால் கண்டேன். ஃபேக்டோரியல் ப்ரோக்ராம். ஃபார் லூப்பின் அடைப்புக்குறி முடிந்த உடனே ஒரு செமிகோலன். அது இருந்தால் லூப் ஒன்றும் செய்யாமல் வெறுமனே சுற்றிவிட்டு வெளியே வரும். அதற்கப்புறம்தான் பெருக்கல், அதுவும் ஒரே ஒரு முறை. 5 கொடுத்தால் 120 வராது, 6 வரும். ஆனால் இடப்பக்கத்தில் 120 என்றே பென்சில் பேசியது. அந்த வருடம் 41 நோட்டில் அந்தச் செமிகோலன் இருந்தது. முந்தைய வருடத்து நோட்டுகளைப் பழைய பேப்பர் கட்டிலிருந்து உருவிப் பார்த்தேன், அங்கும் இருந்தது. அதற்கு முந்தைய வருடத்திலும் இருந்தது. எங்கோ ஒரு அக்கா, தூக்கக் கலக்கத்தில், வரி முடிந்தது என்று நினைத்து வைத்த புள்ளி மூன்று தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. எல்லாவற்றின் அடியிலும் சரிபார்க்கப்பட்டது என்ற வாக்கியம், அதன் அடியில் ஆசிரியர் கையெழுத்து. அந்தக் கையெழுத்து யாருடையது என்ற ஆராய்ச்சி இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்த இடத்தில் எட்கர் காட் அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐ.பி.எம்.மில் இருந்த இவர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவலை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும் முறையை அதில் சொன்னார். இன்று டேட்டாபேஸ் என்று நாம் நடத்தும் பாடத்தில் பெரும்பகுதி அதிலிருந்து கிளைத்தது. பின்னால் வந்த நார்மலைசேஷன் பாடத்தின் சாரம் எளிது: ஒரு செய்தி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பத்து இடத்தில் எழுதினால், பின்னால் ஒன்பது இடத்தில் திருத்தி ஓரிடத்தில் மறந்துவிடுவீர்கள். அப்புறம் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. நன்னூலின் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும் மாறுகொளக் கூறலும் அடுத்தடுத்து நிற்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை. முன்னது செய்தால் பின்னது தானே வரும். இந்த நார்மலைசேஷன் விளக்கத்தைத்தான், தகவல் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்க வேண்டும் என்ற வரியோடு சேர்த்து, 60 பிள்ளைகள் 60 நோட்டில் எழுத்துப் பிசகாமல் எழுதிவருகிறார்கள்.

டேட்டாபேஸ் ரெக்கார்டுக்கு மட்டும் கதைமாந்தர் உண்டு. ஆரக்கிளில் ஸ்காட் என்று பெயரும் டைகர் என்று பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த புரூஸ் ஸ்காட் தன் பெயரையும் தன் வீட்டுப் பூனையின் பெயரையும் வைத்துவிட்டுப் போனார். உள்ளே எம்ப் என்ற அட்டவணையில் 14 பேர். கிங் தலைவர், சம்பளம் 5000; அவருக்கு மேலதிகாரி இல்லை, அந்தக் கட்டம் காலி. ஸ்மித் கிளார்க், சம்பளம் 800. சேர்ந்தது 1980 டிசம்பர் 17. பாஸ்டனில் 40ஆம் நம்பர் டிபார்ட்மென்ட் ஒன்று இருக்கிறது, அதில் ஆளே கிடையாது. அவுட்டர் ஜாயின் சொல்லிக்கொடுப்பதற்காகவே அதைத் திறந்து வைத்தார்களோ என்னவோ. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வருடம் தவறாமல் ஸ்மித்துக்குப் பத்து சதவீதம் சம்பளம் ஏற்றுகிறார்கள்; அடுத்த கேள்வியிலேயே ரோல்பேக் போட்டுப் பிடுங்கிக்கொள்கிறார்கள். கௌரவ விரிவுரையாளராக இருந்த வருடங்களில் ஸ்மித்மேல் எனக்குத் தனிப் பாசம்.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் ரெக்கார்டில் சேர்க்கலாமா என்ற ஐயம் எழும். சேர்க்க வேண்டாம். அது கறுப்பு பைண்டிங்கும் தங்க எழுத்துமாகத் தனி இனம். தலைப்பு பெரும்பாலும் நூலக மேலாண்மை. அதே கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுக்க அட்டையில் பேனாவால்தான் தேதி எழுத வேண்டும்.

சார்பு நூல் அபூர்வம். முந்தைய நூலின் பொருளைச் சிறிது எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் வேறாகச் செய்வது. பதினெட்டு வருடத்தில் நான் பார்த்தவை ஒரு கை விரலுக்குள். பைத்தான் பாடத்தில் வந்த பையன் ஒருவன் செய்தது நினைவிருக்கிறது. முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் சொல்லா என்று பார்க்கும் ப்ரோக்ராம். மற்றவர்கள் எல்லோரும் ‘மேடம்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்து, ஆமாம் என்று பதில் வாங்கியிருந்தார்கள். இவன் விகடகவி என்று தமிழில் கொடுத்தான். இல்லை என்று வந்தது.

‘சார், சிஸ்டத்துக்குத் தமிழ் தெரியல’ என்றான்.

‘எத்தனை எழுத்துன்னு கேட்டுப் பாரு’ என்றேன். கேட்டான். 7 என்றது. நாம் எண்ணினால் 5. யூனிகோடில் வி என்பது ஓரெழுத்தன்று; வகரம் ஓரிடம், அதன் தலைமேல் இருக்கும் விலங்கு இன்னோரிடம். தலைகீழாக்கினால் விலங்கு முதலில் வந்து, ஏறி உட்கார எழுத்தில்லாமல் அந்தரத்தில் நிற்கும். இது 1988இல் வகுத்த இஸ்கி முறையிலிருந்து யூனிகோடுக்கு வந்த ஏற்பாடு. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் என்பது நம் இலக்கணம்; அங்கேயோ அகரம் ஏறிய ககரம் பிறவியிலேயே இருக்கிறது, புள்ளி வைத்துத்தான் அதை மெய்யாக்க வேண்டும். பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு போய், எழுத்து வாரியாகப் பிரித்துவிட்டுத் திருப்பிப் போடும்படி மாற்றி எழுதினான். ரெக்கார்டில் இரண்டு அவுட்புட்டும் இருந்தன, தப்பும் சரியும். இன்டெக்ஸில் அவன் நோட்டின் பக்க எண் மட்டும் மற்றவர்களோடு ஒத்துவராததால் மறுபடி எழுதிவரச் சொன்னதாகக் கேள்வி.

மூன்று வகையிலும் சேராத ஒன்றும் உண்டு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

எக்ஸ்டர்னலாகப் போன இடம். சிறிய ஊர், கல்லூரியும் சிறியது. லேப் வாசலில் முப்பது ஜோடி செருப்பு. உள்ளே ஏ.சி. ஓடவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றும் விதி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அதே நீல டர்போ சி. போர்லாண்ட் அதை 1987இல் கொண்டுவந்தது. புது விண்டோஸில் நேரே ஓடாது, டாஸ்பாக்ஸ் என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். சீட்டுக் குலுக்கிக் கேள்வி எடுத்தாகிவிட்டது. மேஜையில் ரெக்கார்டு அடுக்கு. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஃபேக்டோரியல்: 8 கொடுத்தால் 40320. எல்லா நோட்டிலும் 40320. கணக்குப்படி சரிதான். ஆனால் டர்போ சி-யில் இன்ட் என்று அறிவித்த பெட்டிக்கு 32767க்கு மேல் கொள்ளாது. நிரம்பி வழிந்து மறுபக்கம் போய், மைனஸ் 25216 என்றுதான் திரையில் வரும். 40320 என்று எழுதிய பிள்ளைகள் கால்குலேட்டரைப் பார்த்திருப்பார்கள், இல்லை அக்காவைப் பார்த்திருப்பார்கள், திரையைப் பார்க்கவில்லை.

இருபதாவது நோட்டோ இருபத்தோராவதோ. இடப்பக்கத்தில் பென்சிலால் மைனஸ் 25216. அதன்மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் அதே சிவப்பில் 40320. சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்தப் பெண் தன் எண்ணை மறுபடி பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தாள்.

கூப்பிட்டேன். கையில் ஹால் டிக்கெட்டோடு வந்தாள்.

‘ஏம்மா, மேடம் திருத்திக் குடுத்திருக்காங்களே, மறுபடி ஏன் இதையே எழுதினே?’

‘எனக்கு இதுதான் சார் வந்துச்சு.’

‘ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியுமா?’

‘தெரியல சார். நாலு தடவை போட்டேன். நாலு தடவையும் இதேதான்.’

லாங் இன்ட் என்று மாற்றிப் போட்டுப் பார் என்றேன். போய் உட்கார்ந்தாள். எஃப்9 தட்டும் சத்தம் கேட்டது. இன்டர்னல் பக்கத்தில் வந்து, ‘சார், பஜ்ஜி ஆறிடும், இன்னும் நாப்பது ரெக்கார்டு இருக்கு’ என்றார். அவள் நோட்டில் ரெக்கார்டுக்கு உண்டான மார்க் முழுவதையும் போட்டேன். அடுத்த நோட்டைத் திறந்தேன். 40320. அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.