இது பாண்டியனா சார்?

எழும்பூர் நிலையத்தில் முன்னிரவில் நின்று பார்த்தால் முத்துநகர், நெல்லை, பொதிகை, பாண்டியன், மலைக்கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். பெயரில்தான் ஊர்ப்பெருமை எல்லாம். உடம்பில் ஒரே சீருடை. விலாவில் பெயர்ப்பலகை உண்டு, ஒலிபெருக்கி மூன்று மொழியில் முழங்குகிறது. ஆனாலும் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "சார், இது பாண்டியனா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டால்தான் நமக்கு ஏறத் தைரியம் வரும். அந்த ஆளும் வேறு யாரிடமோ கேட்டுத்தான் ஏறியிருப்பார்.

இது தெரியாமல் டில்லியில் வண்ணம் வண்ணமாக யோசிக்கிறார்கள். என் சின்ன வயதில் ரயில் என்றால் செங்கல் நிறம். தொண்ணூறுகளில் காற்றழுத்த பிரேக் வைத்த பெட்டிகளுக்கு நீலம் பூசினார்கள். எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டிகள் வந்ததும் மறுபடி சிவப்பு. இதற்கு நடுவில் ரயில்வே அமைச்சர்களின் கைவண்ணம் தனி. 2006-இல் லாலு பிரசாத்தின் கரீப் ரத் பச்சையில் வந்தது. 2009-இல் மம்தா பானர்ஜியின் துரந்தோ, புல்லும் பூவுமாகப் பச்சை மஞ்சளில் ஓடியது. அவரே வரைந்த ஓவியத்தைத் தழுவியது என்று அப்போது பேச்சு. நல்ல ஓவியம்தான். ஆனால் வழியில் எங்கேயும் பயணிகளை ஏற்றாமல் ஓடுவதே அப்போது துரந்தோவின் பெருமை என்பதால், அதை நிதானமாகப் பார்க்கிற பாக்கியம் யாருக்கும் கிடைக்கவில்லை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை பெற்ற பிள்ளை வந்தே பாரத், 2019-இல் வெள்ளையில் வந்தது. நம் தண்டவாளத் தூசியில் வெள்ளை! கல்யாண வேட்டியோடு களத்துமேட்டுக்குப் போகிற மாதிரி. 2023 ஜூலையில் அதே ஆலையில் காவிநிற வந்தே பாரத்தைப் பார்வையிட்ட அமைச்சர், தேசியக் கொடி தந்த யோசனை என்றார். அழுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் இன்னும் சீக்கிரம் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

பல வண்டிகளில் பலகை இருந்த இடத்தில் இப்போது மின்னெழுத்து. பெட்டியைத் தேடி மூட்டையோடு ஓடுகிறவருக்கு வண்டி எண், இந்தியில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், தமிழில் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர் என்று சாவகாசமாக ஊர்வலம் விடும். அவருக்கு வேண்டியது 'எஸ் 7', அவ்வளவுதான். அது வருவதற்குள் கார்டு கொடியசைத்துவிடுவார். பழைய பலகைக்கு இந்தப் பேச்சுத் திறமை கிடையாது. அதனாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை.

முன்பதிவில்லாத நீலப் பெட்டிக்கும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஓரத்து ஜன்னலுக்கு மேலே சாய்வாகச் சில கோடுகள். அவற்றை யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. தேவையும் இல்லை. கதவில் தொங்குகிற அண்ணன் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "இது அன்ரிசர்வ்டு. இடமில்லை. முன்னாடி போ."