ஏவலியல்: அக்சஸ் கூவ எக்செல் வருமாறு

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், அக்சஸில் இருந்தபடியே எக்செல் மேக்ரோவை ஓட்டும் முறை உணர்த்துதல் நுதலிற்று. எக்செல்லுக்கு 1993-லும் அக்சஸுக்கு 1995-லும் விபிஏ வாய்த்தது. அதன்பின் ஒன்றை ஒன்று வேலை வாங்குவது இவ்விரண்டின் வழக்கமாயிற்று.

நூற்பா 1
கூவிய எக்செல் கண்ணிற் படாது
விசிபிள் ட்ரூவென விளம்பா விடினே.

உரை: கிரியேட்ஆப்ஜெக்ட் என்று கூப்பிட்டால் எக்செல் வரும், திரைக்கு வராது. மேக்ரோவின் நடுவே “சேமிக்கவா?” என்றொரு பெட்டி எழுந்து, நம் கண்ணில் படாமல் நின்றுவிட்டால், எக்செல் காத்திருக்கும். அக்சஸும் காத்திருக்கும். மாதக் கணக்கும் காத்திருக்கும். மேலாளர் காத்திருக்கமாட்டார் என்றவாறு.

நூற்பா 2
கோப்பின் பெயரொடு குறியொன் றிட்டு
மேக்ரோப் பெயரை மொழிவது ரன்னே.

உரை: கோப்பை முதலில் திறந்துகொள்க. பின்பு ரன் என்னும் கட்டளையில் கோப்பின் பெயர், ஆச்சரியக்குறி, மேக்ரோவின் பெயர் என நிறுத்துக. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்க. கூடவே 30 உள்ளீடுகள் வரை கொடுத்தனுப்பலாம். ஆச்சரியக்குறி எதற்கெனின், முதல் தடவையே ஓடிவிட்டால் ஆச்சரியம் என்பதனால் என்பர் ஒருசாரார்.

தடை: பர்சனல் ஒர்க்புக்கில் வைத்த மேக்ரோ நேரே திறக்கும்போது ஓடிற்றே, ஈண்டு ஓடாதது என்னை?

விடை: இப்படிக் கூப்பிட்டு வரும் எக்செல் பர்சனல் ஒர்க்புக்கையும் ஆட்-இன்களையும் கூட்டிவருவதில்லை, வேண்டுவோர் தாமே திறந்துகொள்க. ஆட்டோ_ஓப்பனும் தானாக ஓடாது, ஒர்க்புக்_ஓப்பன் ஓடும். காரணம் கேட்பது மாணாக்கர்க்கு அழகன்று.

நூற்பா 3
வந்ததை முறையே வழியனுப் பாக்கால்
டாஸ்க்மே னேஜரில் தங்கும் என்ப.

உரை: க்விட் சொல்ல மறந்தால், ஜன்னல் இல்லாத எக்செல் ஒன்று உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மறுபடி அக்கோப்பைத் திறக்கப் போனால், வேறொருவர் திறந்துவைத்திருப்பதாக எச்சரிக்கை வரும். அந்த வேறொருவரின் பெயர் நம் பெயராகவே இருக்கும். க்விட் சொல்லியும் போகாத எக்செல் உண்டு. எக்செல் நூலகத்தை ரெஃபரன்ஸில் சேர்த்துவிட்டு, ரேஞ்ச், ஆக்டிவ்ஷீட் முதலியவற்றை முன்னொட்டில்லாமல் மொட்டையாக எழுதினால் இது நேரும். முதல் ஓட்டம் சுகமாக முடியும். இரண்டாவதில் 462 என்னும் பிழை எழக்கூடும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தே “வேலை முடிந்தது” என மின்னஞ்சல் அனுப்புவோரை இப்பிழையே திருத்துகிறது.

முடிபு: கூப்பிடுவது ஒரு வரி, அனுப்பிவைப்பதே இக்கலையின் பெரும்பகுதி. எனவே ஒர்க்புக்கை மூடுக, க்விட் சொல்லுக, மாறிகளை நத்திங் ஆக்குக. இம்மூன்றையும் நிரலின் கடைசியில் மட்டும் எழுதுவோர், நடுவில் பிழை வந்தால் அங்கே போய்ச்சேரவே மாட்டார். எரர் ஹேண்ட்லரிலும் எழுதிவைக்க.